உஷார்! பவர் கண்டிஷனரை நம்பித் தூங்காதீர்கள்

ஐப்பசி இடி தொடங்கும் முன் டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பவர் கண்டிஷனரின் மூன்று முள் பிளக் எங்கே செருகியிருக்கிறது? எர்த் ஒயரே வராத பழைய பாயின்ட்டிலோ, இரண்டு முள் அடாப்டரிலோ என்றால், அந்தப் பெட்டியின் பாதி வேலை நடக்கவே இல்லை. எர்த் பக்கம் திருப்பிவிட வேண்டிய மின்வீச்சுக்கு அங்கே போக வழி கிடையாது.

எர்த் சரியாக இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. எனக்கு மின்னலைவிடப் பெரிய பயம் நியூட்ரல் கட். தெருக் கம்பத்திலோ, மூன்று பேஸ் வரும் வீட்டின் மெயின் போர்டிலோ நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். ஏசியும் ஹீட்டரும் ஓடும் பேஸில் வோல்டேஜ் இறங்கும். டிவியும் ஆம்ப்ளிஃபயரும் மட்டும் இருக்கும் பேஸில்தான் அது எகிறும். சில பல்புகள் மங்கி, சில பல்புகள் கண் கூசும்படி எரிந்தால் காரணம் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே மெயினை அணையுங்கள்.

பெரும்பாலான ஸ்பைக் பஸ்டர், கண்டிஷனர்களுக்குள் இருப்பது வேரிஸ்டர். மைக்ரோ விநாடிகளில் வந்து போகும் வீச்சைத்தான் அது விழுங்கும். நிமிடக்கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டில் அதுவே வெந்துவிடும். ஸ்டெபிலைசரின் ரிலேயோ, மின்னல் வீச்சு வந்து முடிந்த பிறகுதான் அசையும். இன்றைய டிவிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே சமாளிப்பவை; லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டு ஆபத்து தீர்ந்தது என்று இருப்பது வீண் தைரியம். நியூட்ரல் கட்டுக்கு வேண்டியது, வோல்டேஜ் எல்லை தாண்டியதும் இணைப்பையே துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப். கண்டிஷனர் வாங்கும்போது அந்த வசதி உண்டா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் மெயின் போர்டிலேயே தனியாகப் போட்டுவிடலாம்.

வேரிஸ்டர் ஒவ்வொரு அடியிலும் தேயும். அது செத்த பிறகும் பல பெட்டிகளில் கரன்ட் வந்துகொண்டுதான் இருக்கும், சிவப்பு விளக்கும் எரியும். அந்த விளக்கு பாதுகாப்பைக் காட்டுகிறதா, கரன்ட்டை மட்டும் காட்டுகிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவந்த ஸ்பைக் பஸ்டர் வீட்டில் இருக்கிறதா? அது 120 வோல்ட்டுக்கானது என்றால் அடாப்டர் மாட்டி நம் பாயின்ட்டில் செருகவே செருகாதீர்கள். 130, 150 வோல்ட்டுக்கான வேரிஸ்டர் 230இல் சூடேறிப் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும். டிவி போனால் போகட்டும். அதே அறையில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

இன்னொரு வாசலையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மொட்டை மாடி டிஷ் ஒயர் செட்டாப் பாக்ஸுக்கு வருகிறது, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் ஹோம் தியேட்டருக்கும் போகிறது. கேபிள் ஒயரும் இன்டர்நெட் ஒயரும் அப்படித்தான். பிளக் பக்கம் எத்தனை விலை உயர்ந்த பெட்டி வைத்தாலும் மின்னல் இந்த வழியாக உள்ளே வரும். வானம் கறுக்கும்போதே பிளக்கோடு சேர்த்து டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடி இடிக்க ஆரம்பித்துவிட்டால் எந்த ஒயரையும் தொடாதீர்கள்.

இந்த வாரமே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் நியூட்ரல் ஸ்க்ரூக்களையும் இறுக்கச் சொல்லுங்கள். கருகிய தடம் தெரிந்தால் அந்த இணைப்பை மாற்றும்வரை ஹோம் தியேட்டரைப் போடாதீர்கள்.