உணவைப் பற்றிய அச்சமும் கடை வியாபாரமும்

காரீயம் கண்ணுக்கும் புலனாவதில்லை, நாவுக்கும் புலனாவதில்லை. 2015-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் 'மாகி' நூடுல்ஸ் பற்றிய செய்தி கேட்டு மக்கள் பெரிதும் அஞ்சியதற்குக் காரணம் இதுவே. பத்து லட்சம் பங்கில் 2.5 பங்கு காரீயமே அனுமதிக்கப்பட்டிருக்க, உத்தரப் பிரதேசத்து மாதிரியொன்றில் 17 பங்குக்கு மேல் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. தமிழக அரசு அதனையும் வேறு மூன்று வகை நூடுல்ஸையும் மூன்று மாதங்களுக்குத் தடை செய்தது. மத்திய ஆணையமும் மாகி விற்பனையை நாடெங்கும் நிறுத்திற்று.

நாம் கவனிக்க வேண்டுவது யாதெனில், தடைக்கு உட்படாத நூடுல்ஸ் வகைகளின் விற்பனையும் சரிந்தது என்பதாம். வாங்குவோர் வீட்டில் சோதித்துப் பார்க்க இயலாது. ஆகவே ஐயம் ஒரு பெயரோடு நில்லாமல் அவ்வினம் முழுவதையும் பற்றுகிறது. காஞ்சி நெசவாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. எவரோ ஒருவர் போலிச் சரிகையிட்டு விற்றால், நல்ல சரிகைச் சேலையையும் வாங்குவோர் புரட்டிப் புரட்டிப் பார்க்கின்றனர் அன்றோ?

ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நாடளாவிய தடையை நீக்கி, மூன்று ஆய்வுக்கூடங்களில் மறுசோதனைக்கு உத்தரவிட்டது. அவற்றில் தேறி, நவம்பரில் அப்பண்டம் கடைகளுக்குத் திரும்பிற்று, வாங்குவோரும் திரும்பினர். விளம்பரமும் உதவியிருக்கலாம். எனினும் ஆய்வறிக்கையின்றி அது மட்டும் போதியிராது என்பது நம் கருத்து.

பெரிய நிறுவனம் ஐந்து மாதம் தாங்கும். நம் உறுப்பினர் செக்கிலாட்டித் தரும் கடலை எண்ணெய் வியாபாரம் ஐந்து வாரமும் தாங்காது. ஆகவே, பண்டகசாலைக்கு வரும் ஒவ்வொரு டின்னுக்கும் கொடுத்தவர் பெயரும் தேதியும் பதிந்து, சிறிது மாதிரியை அரக்கு முத்திரையிட்டு வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஐயம் எழுந்தால், அவர் தந்த சரக்கை மட்டும் விலக்கிச் சோதனைக்கு அனுப்பி, ஏனையவற்றை விற்று வரலாம்.