இசை வகுப்பில் எல்லாருக்கும் இடம் தரும் கம்ப்யூட்டர்

பாட்டு வகுப்பில் ஒரு குழந்தைக்குப் பார்வை இல்லை. இன்னொரு குழந்தைக்கு ஒரு காது கேட்காது. வேறொன்று மற்றவர்களின் வேகத்திற்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறுகிறது. "இவனுக்கு சங்கீதம் வராது" என்று வீட்டிற்கு அனுப்பிவிடுவது எளிது. பல நேரங்களில் தடையாக இருப்பது பாடம் தரப்படும் வடிவம். அதை மாற்றித் தர, நீங்கள் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரே போதும். இங்கு கூறப்படும் புரோகிராம்கள் அனைத்தும் இலவசம்.

முதலில் வேகம். ஆசிரியர் பாடும் சரளி வரிசையைப் பதிவு செய்து, ஆடாசிட்டி புரோகிராமில் திறக்கவும். (போனில் பதிவாகும் எம்4ஏ பைலை விண்டோஸில் இது நேரடியாகத் திறக்காது. எம்பி3 அல்லது வேவ் பைலாகப் பதிந்தால் தொல்லை இல்லை.) கண்ட்ரோல் + ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுக்கவும். எபெக்ட் மெனுவில் 'பிட்ச் அண்ட் டெம்போ' பிரிவில் 'சேஞ்ச் டெம்போ' கிளிக் செய்திடவும். கிடைக்கும் கட்டத்தில் சதவீதத்தை -20 என அமைத்து ஓகே கொடுக்கவும். வேகம் குறையும், சுருதி மாறாது. இதுதான் முக்கியம். அருகிலேயே உள்ள 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' கட்டளையைத் தவறியும் தேர்ந்தெடுக்க வேண்டாம். சுருதியும் கீழே இறங்கிவிடும். வேகத்தை மிக அதிகமாகக் குறைத்தால் குரல் கரகரவென ஒலிக்கும். கடினமான வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க, மேலே உள்ள நேர அளவுகோலில் அந்தப் பகுதியை மவுஸால் இழுத்துக் குறித்து, லூப் பட்டனை இயக்கவும். நூறு முறை கேட்டாலும் கம்ப்யூட்டர் சலித்துக் கொள்ளாது!

பார்வையற்ற மாணவருக்கு என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பு புரோகிராம் உள்ளது. 2006ல் இதை உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரனும் பார்வையற்றவரே. கண்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்தினால் இயங்கத் தொடங்கும். தமிழிலும் படிக்கும். கீபோர்டு கற்பவர் இதனுடன் மியூஸ்கோர் புரோகிராமைப் பயன்படுத்தலாம். அம்புக்குறி கீகளால் நகர்ந்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் பெயரும் அளவும் படிக்கப்படும். 2023ல் வந்த 4.1 பதிப்பு முதல் பிரெயில் இசைக் குறியீட்டையும் இது காட்டுகிறது. லூயி பிரெயில் 1829ல் வெளியிட்ட முதல் நூலிலேயே இசைக்கும் புள்ளிக் குறியீடு தந்திருந்தார். அவர் ஆர்கன் வாசிப்பவர்.

ஒரு சிக்கல் உண்டு. பாட்டு ஒலிக்கும்போது என்.வி.டி.ஏ.வும் பேசினால் இரண்டும் காதில் விழாது. பேச்சை நிறுத்த கண்ட்ரோல் கீயைத் தட்டினால் போதும். 2024ல் வந்த பதிப்புகளில் இன்னும் நல்ல வழி உள்ளது. இன்சர்ட் + ஆல்ட் + எஸ் அழுத்தினால் பேச்சு ஒரு காதிலும் இசை மறு காதிலுமாகப் பிரிந்துவிடும். ஹெட்போன் அவசியம்.

ஒரு காது கேட்காதவருக்கு ஸ்டீரியோ பதிவில் பாதி இசை தொலைந்து போகலாம். மிருதங்கம் ஒரு பக்கம், வயலின் மறுபக்கம் என்று பதிந்திருப்பார்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், அக்ஸஸிபிலிட்டி, ஆடியோ சென்று 'மோனோ ஆடியோ'வை இயக்கவும். இரு பக்க ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும்.

ஒரு கையால் மட்டும் கீகளை இயக்குபவர், ஷிப்ட் கீயை ஐந்து முறை தட்டி ஸ்டிக்கி கீஸ் வசதியைப் பெறலாம். அதன்பின் கண்ட்ரோல் போன்ற கீகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே கட்டளை செயல்படும். எந்த வசதி யாருக்குப் பொருந்தும் என்பதை அந்த மாணவரிடமே கேட்டுவிட்டு அமைக்கவும்.