கோப்பு ஏன் ஏற மறுக்கின்றது?



உப்பை ஏற்றிச் செல்வதற்காகக் கருணாகரத் தொண்டைமான் கடலுக்கு வாய்க்கால் வெட்டுவித்தான் என்பதும், அதனாலேயே எமது தொண்டைமானாறு அப்பெயர் பெற்றது என்பதும் வழிவழி வந்த செய்தி. வாய்க்காலின் ஆழம் அறியாது பெருந்தோணியைச் செலுத்தினால் அது தரைதட்டும். இன்று வணிகரின் கணக்குகள் செல்லும் வாய்க்கால் கணினியாகும். கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவையோ கடைக்காரரின் பற்றுச்சீட்டையோ மென்பொருளிற் பதிவேற்றும்போது, ‘பதிவேற்றம் தோல்வி’ என்னும் வாசகம் தோன்றினால், பலர் மனந்தளர்ந்து அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகின்றனர். தோணி எங்கே தட்டியது என்று ஆராய்வதே தக்க வழி.

முதலாவது, அளவு. இணைய மென்பொருள்கள் பலவற்றுக்கு அடிப்படையான பி.எச்.பி. மொழியில், நிர்வாகி மாற்றாதவிடத்து, ஒரு கோப்பின் எல்லை 2 மெகாபைற்று. என்ஜின்எக்ஸ் என்னும் சேவையக மென்பொருளில் 1 மெகாபைற்று. ‘413’ என்ற எண் தோன்றினால், அனுப்பியது எல்லை கடந்தது என்பது பொருள். கைப்பேசியில் எடுத்த ஒரு படமே இவ்வெல்லையைத் தாண்டக்கூடும். அதனைச் சுருக்கி அனுப்புக.

இரண்டாவது, வகை. சி.எஸ்.வி. கோப்பு கேட்குமிடத்து எக்செல் கோப்பு செல்லாது. பெயரின் ஈற்றெழுத்துக்களை மட்டும் மாற்றுதல், போத்தலின் மேற்சீட்டை மாற்றுதல் போன்றது, உள்ளிருப்பது மாறாது. எக்செலிலேயே உரிய வகையைத் தெரிந்து மீளச் சேமித்தல் வேண்டும்.

மூன்றாவது, பெயர். இது தமிழிற் பெயரிடுவோரும் எதிர்கொள்ளும் இடர். யுனிக்கோட் எழுத்தை யு.ரி.எவ்-8 முறையிற் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்று கொள்ளும். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாதலால் 6 பைற்று. லினக்ஸ் சேவையகங்களிற் கோப்புப் பெயரின் எல்லை பெரும்பாலும் 255 பைற்று. நீண்ட தமிழ்த் தலைப்பு இவ்வெல்லையை எளிதில் எட்டிவிடும். ஆகவே பெயர் சிறிதாக இருக்கட்டும்.

நான்காவது இடர் ஓசையின்றி வருவது. பாமினி எழுத்துருவிற் பதித்த பட்டியல் தடையின்றி ஏறிவிடும். ஆயினும், நாம் ‘அம்மா’ என்று காண்பதைக் கணினி ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக் குறிகளும் கலந்த கோவையாகவே வைத்திருக்கின்றது. அவ்வெழுத்துரு இல்லாத அலுவலகத்தில் உறுப்பினரின் பெயர்கள் பொருளற்ற எழுத்துக் குவியலாய்த் தோன்றும். பெயர் அறியப்படாதவருக்கு உதவிப்பணம் எவ்வாறு சேரும்? எனவே முன்னரே யுனிக்கோட்டிற்கு மாற்றி, ஏற்றிய பின் ஒருமுறை திறந்து பார்த்தல் கடன்.

இவை யாவும் சரியாயிருந்தும் ஏறாவிடின், ஒரே வகையான மிகச் சிறிய கோப்பொன்றை ஏற்றிப் பாருங்கள். அது ஏறினால், குறை முதற்கோப்பிலோ இணைப்பின் வேகத்திலோ உளது. அதுவும் ஏறாவிடின், உங்கள் இணைப்பிலோ கணக்கின் அனுமதியிலோ சேவையகத்திலோ தேடுதல் வேண்டும். தோன்றிய வாசகத்தையும் நேரத்தையும் குறித்து வைத்து உரியவருக்கு அறிவியுங்கள். இறுதி நாள்வரை காத்திராது, சில நாள்கள் முன்னரே அனுப்புதல் நன்று.

இச்சிறு அறிவு இன்மையால், முதியோர் சிலர் தம் கடவுச்சொல்லையே அயலாரிடம் கொடுத்துவிடுகின்றனர். பணப்பெட்டியின் திறவுகோலை அவ்வாறு கொடுப்போமா? கணக்கு எம்முடையது, அதனை அனுப்பும் அறிவும் எம்முடையதாகுக.