பார்வை போனால் பேப்பரும் போய்விடுமா?

‘சித்த வைத்தியருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சொல்கிறேன்.

எங்கள் வைத்தியத்தில் மதுமேகம் என்போம். சர்க்கரை நோய் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். பல வருஷம் கட்டுப்படாமல் கிடந்தால் விழித்திரையில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து பார்வையைக் கெடுக்கும். முற்றிப்போய் பார்வை போய்விட்டால், என்னிடம் உள்ள எந்தச் சூரணமும் அதைத் திருப்பித் தராது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

‘அதான் பிரெய்லி இருக்கே?’ என்பீர்கள். ஆறு புள்ளிகளை விரல் நுனியால் தடவிப் படிக்கும் அருமையான எழுத்துதான். ஆனால், சர்க்கரை பழசானால் நரம்பும் மரத்துப் போகும். முதலில் பாதம், அப்புறம் விரல்! அறுபது வயதில் மரத்த விரலை வைத்துக்கொண்டு புதிதாக ஓர் எழுத்தைக் கற்பது லேசில்லை. மிச்சம் இருப்பது காதுதான்.

என்னிடம் வரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்... காலைக் காபியும் பேப்பரும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. பார்வை போன பிறகு மகன்தான் வாசித்துக் காட்டுவார். ‘‘ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு பாதியில நிறுத்திடறான் சார். மீதியைப் படிடான்னு கேட்கக் கூச்சமா இருக்கு’’ என்றார். பசியில்லை, தூக்கமில்லை என்றுதான் என்னிடம் வந்திருந்தார். லேகியம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பேப்பருக்கு வழி பண்ணாமல் பசி எங்கே எடுக்கும்?

வழி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு போனில் ‘டாக்பேக்’, ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ என்று திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் வசதி உண்டு. தமிழும் படிக்கும். கம்ப்யூட்டருக்கு ‘என்விடிஏ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் இதைத் தொடங்கிய மைக்கேல் கர்ரன் பார்வையற்றவர்!

ஆசிரியருக்குப் போனைப் பழக்கினார் பேரன். ஆனால் செய்தித் தளத்தைத் திறந்தால் காதில் விழுந்தது என்ன தெரியுமா? ‘‘படம்... படம்... பட்டன்... மேலும் படிக்க, இணைப்பு... மேலும் படிக்க, இணைப்பு...’’ எதை மேலும் படிக்க? நடுவே ஒரு விளம்பரம் திரையை மறைக்கிறது. அதை மூடும் பெருக்கல் குறிக்குப் பெயர் வைக்கவில்லை. நமக்குத் தெரியும், அவருக்கு அது வெறும் ‘பட்டன்’. போதாததற்கு ஒரு வீடியோ தானாக ஓட ஆரம்பித்து, படிக்கும் குரலையே அமுக்கிவிட்டது.

இது கண்ணின் கோளாறு இல்லைங்க, பக்கத்தைக் கட்டியவர்களின் கவனக்குறைவு. மருந்தும் சுலபம். படத்துக்குப் பின்னால் ஒரு வரி விளக்கம், பட்டனுக்குப் பெயர், தலைப்பைத் தலைப்பு என்றே குறித்து வைப்பது, கேட்காமல் வீடியோவை ஓட்டாமல் இருப்பது. தலைப்பு ஒழுங்காகக் குறித்திருந்தால், ஒரு செய்தியிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகலாம், நாம் பேப்பரை மேய்கிற மாதிரியே. இதற்கான உலக விதிமுறைகள் 1999-லேயே வந்துவிட்டன.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு காலத்தில் தளத்துக்குத் தளம் தனித்தனி எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு உள்ளே ஏதோ குறிகள். படிக்கச் சொன்னால் உளறும். யூனிகோடு வந்தபிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் பக்கத்தை அப்படியே படமாக எடுத்துப் போட்டால், பழைய கதைதான்.

சட்டமும் நம் பக்கம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகள் எட்டுவது வாழும் உரிமையிலேயே அடக்கம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வழக்குக்குக் காரணம், வங்கிக் கணக்குக்கு ‘கண்ணைச் சிமிட்டு’ என்று கேட்ட கேமரா! ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவரும், பார்வையற்றவரும் எப்படிச் சிமிட்டுவார்கள்?

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், போன் செட்டிங்ஸில் ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதிக்குப் போய் டாக்பேக்கை ஆன் செய்யுங்கள். ஒருமுறை தொட்டால் படிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். போன் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். ஆரம்பத்தில் குரல் வேகத்தைக் குறைத்து வையுங்கள், பழகியதும் அவரே கூட்டிக்கொள்வார். அப்புறம், வாட்ஸ்அப்பில் அவருக்குச் செய்திப் படம் அனுப்பினால், கீழே இரண்டு வரி டைப் செய்துவிடுங்கள்.