கல்லாவுக்கு வரும் வழி

துணிக்கடையில் 2,000 ரூபாய்க்குச் சேலை வாங்கிய ஒருவர், தம் பற்று அட்டையைக் கருவியில் செருகிக் கடவு எண்ணை அழுத்துகிறார். சில நொடிகளில் ஒப்புதல் ஒலி எழுகிறது. சிறிய இரசீது ஒன்று வெளிவருகிறது. வாங்கியவரைப் பொறுத்தவரை வணிகம் முடிந்துவிட்டது. கடைக்காரரின் கல்லாவிலோ இன்னும் ஒரு காசும் விழவில்லை. அவரிடம் இருப்பது, பணம் வரும் என்னும் உறுதி மட்டுமே.

அவ்வுறுதியைத் தருவது யார்? அட்டையை வழங்கியது வாடிக்கையாளரின் வங்கி. கருவிக்குப் பின்னால் நிற்பது வணிகரின் வங்கி. இவ்விரண்டையும் இணைப்பவை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புகள். கருவியிலிருந்து புறப்படும் வினா, வணிகரின் வங்கி வழியாக வலையமைப்பை அடைந்து, அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. கணக்கில் பணம் உள்ளதா, கடவு எண் சரியானதா, அட்டை தொலைந்ததாக அறிவிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து அவ்வங்கி விடையளிக்கிறது. கடன் அட்டையாயின், இருப்புக்கு மாறாகக் கடன் வரம்பு பார்க்கப்படுகிறது.

ஒப்புதல் வேறு, பணம் வந்து சேர்வது வேறு. அன்றைய விற்பனைகள் தொகுக்கப்பட்டு, வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்ட பின்னரே வணிகரின் கணக்கில் தொகை வரவு வைக்கப்படும். பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் இது நிகழும். அன்றைய விற்றுமுதலைக் கொண்டே மறுநாள் சரக்கெடுக்கும் சிறுகடைக்காரருக்கு இந்தச் சிறிய இடைவெளியும் சுமையே.

வரும் தொகையும் பல நேரங்களில் முழுமையாக வருவதில்லை. அட்டையை ஏற்பதற்காக வணிகர் செலுத்தும் கட்டணம் அதிலிருந்து கழிக்கப்படுகிறது. வங்கிகளும் வலையமைப்பும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பற்று அட்டைகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2018 சனவரி முதல் உச்சவரம்பு விதித்தது. கருவி வழி விற்பனையில், ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாய்வரை உள்ள வணிகருக்கு அது 0.40 விழுக்காடு, பிறருக்கு 0.90 விழுக்காடு. மேற்கண்ட சேலைக்கு அது முறையே 8 ரூபாய், 18 ரூபாய் ஆகும்.

பார்வைக்கு இது சிறுதொகைதான். ஆனால், கட்டணம் விற்பனைத் தொகையின்மீது கணக்கிடப்படுகிறது, இலாபத்தின்மீது அன்று. நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் மட்டுமே இலாபம் பார்க்கும் மளிகைக் கடைக்காரர் 90 காசு கொடுத்தால், இலாபத்தில் முப்பது விழுக்காடு போய்விடுகிறது. கடன் அட்டைகளுக்கு மேற்சொன்ன வரம்பு பொருந்தாது. கட்டணமும் பெரும்பாலும் கூடுதல். ரூபே பற்று அட்டைக்கு 2020 சனவரி முதல் இக்கட்டணம் நீக்கப்பட்டது.

‘அட்டை என்றால் கூடுதல் தொகை’ என்று சில கடைகளில் கேட்பதுண்டு. பற்று அட்டைக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் சுமத்துவதை ரிசர்வ் வங்கியின் நெறிமுறை ஏற்பதில்லை. கட்டணம் இருந்தும் கடைகள் அட்டையை ஏற்பதற்குக் காரணம் உண்டு. கையில் பணமில்லாதவரும் வாங்குகிறார், சில்லறைத் தட்டுப்பாடில்லை, கள்ளநோட்டு அச்சமில்லை.

இணைப்பு இடையில் அறுந்தால்தான் சிக்கல். வாடிக்கையாளரின் கைப்பேசிக்குப் பணம் எடுக்கப்பட்டதாகச் செய்தி வரும். கடைக் கருவியில் ஒப்புதல் தோன்றாது. ஒருவர் பணம் போனதென்பார்; மற்றவர் வரவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. இத்தகைய தொகையை ஐந்து நாள்களுக்குள் வாடிக்கையாளர் கணக்கில் தானாகவே திருப்பிச் சேர்க்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. எனவே, கைப்பேசிச் செய்தியை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுப்பது வணிகருக்கு இழப்பாகலாம்.

ஒப்புதல் கிடைத்த விற்பனையும் பின்னர் மறுக்கப்படலாம். ‘இதை நான் வாங்கவில்லை’ என வாடிக்கையாளர் தம் வங்கியில் முறையிட்டால், வணிகர் சான்று காட்ட வேண்டும். இயலாவிடில் பெற்ற தொகையைத் திருப்பித் தர நேரும். அச்சான்றுகளுள் ஒன்று, கருவி தந்த அந்தச் சிறிய இரசீது. வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் அது அச்சாவதால் சில மாதங்களில் மங்கிவிடும். விவரமறிந்த கடைக்காரர்கள் அதனை அன்றே படியெடுத்து வைக்கிறார்கள்.