வளியின் சிறுகூறும் புவியின் வெப்பமும்

வானிலை வேறு, காலநிலை வேறு. ஓரிடத்தில் இன்று பெய்யும் மழையும் நாளை எறிக்கும் வெயிலும் வானிலையாம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்விடத்து வானிலையை அளந்து கண்ட பொதுவியல்பே காலநிலையாகும். ஆதலின், குளிர்ந்த ஒரு நாளைக் காட்டிப் புவி வெப்பமுறவில்லையென வாதித்தல் பொருந்தாது.

ஞாயிற்றின் ஒளி வளிமண்டலத்தை ஊடுருவி வந்து நிலத்தையும் நீரையும் சூடாக்குகின்றது. சூடுற்ற புவி அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களாக வெளிவிடுகின்றது. வளியிற் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. சிறுகூறுகளாகிய நீராவியும் காபனீரொட்சைட்டும் போன்ற வாயுக்களே அவற்றை உறிஞ்சி, ஒரு பகுதியை மீளவும் புவிக்கு அனுப்புகின்றன. இதுவே பச்சைவீட்டு விளைவு எனப்படும். இவ்வாயுக்களின் உறிஞ்சுமியல்பை 1859 இல் யோன் தின்டல் என்னும் அறிஞர் பரிசோதனையால் நிறுவினார். இவை இலவாயின் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியஸாக இராது, உறைநிலைக்குக் கீழே 18 பாகையளவில் இருக்கும். எனவே இவ்விளைவு உயிர்களுக்கு இன்றியமையாததே. அளவு மிகுதலே இடராகின்றது.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளியின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 280 பங்காயிருந்தது. 1958 இல் சாள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்களவில் நின்றது. 2024 இல் 420 இற்கும் மேலாயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்பட்டமையே இதற்குத் தலையாய காரணம். நெடுங்காலம் மண்ணுட் கிடந்த அவற்றிற் கதிர்வீசும் காபன் 14 இல்லை. அவை எரிந்து கலத்தலால் வளியில் அதன் விகிதம் குறைந்தமையை ஹான்ஸ் சூஸ் 1955 இல் மரத்துண்டுகளை ஆராய்ந்து காட்டினார்.

வெப்பம் மிகுதற்கு ஞாயிறே காரணமாகாதோ எனின், ஆகாது. ஞாயிற்றின் வெம்மை கூடியிருப்பின் வளிமண்டலத்தின் மேலும் கீழும் ஒருங்கே சூடேறல் வேண்டும். அளவைகளோ கீழடுக்கு வெப்பமுற, மேலேயுள்ள படைமண்டலம் குளிர்ந்தமையைக் காட்டுகின்றன. கீழே வெப்பத்தைத் தடுத்து, மேலே அதனை விண்ணுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டின் இயல்புக்கே இது பொருந்தும்.

வெப்பமுற்ற கடல்நீர் விரிதலாலும், நிலத்துப் பனிக்கட்டி உருகுதலாலும் கடல்மட்டம் உயர்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிற் சேர்ந்த மழைநீரேயாம்; அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் உயரின் உவரும் உயரும். உவரேறிய கிணறு எளிதில் நன்னீர்க் கிணறாகாது. வளியிற் சேர்ந்த காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியும் பல நூற்றாண்டுகள் நீங்காது நிற்பது. ஆதலின் அதனைச் சேரவிடாது தடுத்தலே அறிவுடைமை.