வாரிசுரிமைச் சட்டம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு எந்நூல் துணை?

கேம்பல் பேயில் குடியேறிய நம் உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி சட்டக் கல்லூரியில் பயில்கின்றாள். குடும்பச் சட்டத்தில் வாரிசுரிமைப் பகுதிக்கு எந்தெந்தப் புத்தகம் வாங்கலாம் என்று நமக்கு எழுதிக் கேட்டிருந்தாள். நாம் இரயில்வே எழுத்தர்; பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவரல்லர். எனினும் நம் குடும்பத்துப் பாகப்பிரிவினையை முன்னிட்டுச் சட்ட நூல்கள் சிலவற்றைப் புரட்ட நேர்ந்தது. அவளுக்கு எழுதியது பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

முதலில் வாங்கத்தக்கது விளக்கவுரையன்று, சட்டத்தின் மூலமே. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஏறக்குறைய முப்பது பிரிவுகளே கொண்ட சிறு நூல். ஒரு கப்பல் பயணத்தில் இருமுறை வாசித்துவிடலாம். மத்திய அரசின் ‘இந்தியா கோடு’ தளத்தில் காசின்றியும் கிடைக்கும். 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வடம் அந்தமானுக்கும் கிரேட் நிகோபாருக்கும் வந்துவிட்டபடியால், புத்தகக் கட்டு கப்பலேறி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

மூலத்தை வாசித்த பின்னரே கைடு. கடையில் பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கும். சென்ற ஆண்டுக் கால அட்டவணையை நம்பி நிலையத்துக்கு வந்து நம்மோடு சண்டையிடும் பயணிகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பழைய கைடு வாங்குவோர் நிலையும் அதுவே. கையிலெடுத்ததும் 6-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். பிதிரார்ஜிதச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்குண்டு என்று ஆக்கிய திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று தந்தை உயிரோடிருந்தால்தான் அவ்வுரிமை என்று 2015-இல் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது தேவையில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டு 11-இல் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பூலாவதியோடு நின்றுவிட்ட கைடு எத்துணை மலிவாயினும் வேண்டாம்.

சென்னையில் விற்கும் நூல்களில் 29-ஏ பிரிவு பெரிதாகப் பேசப்படும். அது 1989-இல் தமிழ்நாடு செய்த திருத்தம். ஊரிலுள்ள பூர்வீக வயலுக்குப் பொருந்தியதேயன்றித் தீவு நிலத்துக்கு அன்று. நம்மவர்க்கு இவ்விரண்டும் உண்டு என்பதே சிக்கல். 1969 முதல் முன்னாள் படைவீரர்க்கு இங்கே ஒதுக்கப்பட்ட நிலம் பாட்டன் வழி வந்ததன்று. அதற்கு 8-ஆம் பிரிவை வாசிக்க வேண்டும். உயிலின்றித் தந்தை இறந்தால் மனைவி, மகன், மகள், அவரைப் பெற்ற தாய் யாவர்க்கும் சம பங்கு. 2005-க்காகக் காத்திராமல் 1956-லிருந்தே மகளுக்கு உள்ள பங்கு இது. இதனோடு 1966-ஆம் ஆண்டின் அந்தமான் நிகோபார் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையையும், ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எந்தக் கைடும் இதைச் சொல்லித் தராது.

இனி நாம் முதன்மையாகக் கருதுவது 21-ஆம் பிரிவு. பெரும்பாலான கைடுகள் இதனை நான்கு வரியில் கடந்துவிடுகின்றன; தேர்வில் அரிதாகவே கேட்பார்களாம். 2004 டிசம்பர் 26-இல் கடல் கொண்டதைக் கண்ட நம் குடும்பங்கள் அவ்வாறு கடந்துபோக இயலுமா? இருவர் ஒன்றாக இறந்து, முந்தியவர் யார் என்று அறிய வழியில்லையெனில், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, வயதில் இளையவரே பிந்தி இறந்ததாகச் சட்டம் கொள்கின்றது.

கணக்கைப் பாருங்கள். ஐம்பது வயதுத் தந்தையும் மணமாகாத இருபத்திரண்டு வயது மகனும் ஒரே அலையில் மறைந்தனர். தாயும் மகளும் பிழைத்தனர் என்று கொள்வோம். தந்தையைப் பெற்றவள் முன்பே காலமாகிவிட்டாள். மகன் பிந்தியவன் என்பதால் தந்தையின் நிலம் மூன்று பங்காகும்: மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மகனுடைய பங்கு அவனைப் பெற்றவளுக்குச் செல்லும். ஆகத் தாய்க்கு மூன்றில் இரண்டு, மகளுக்கு மூன்றில் ஒன்று. மகன் முந்தியவன் என்று சாட்சியம் கிடைத்தால் இருவர்க்கும் பாதி பாதி. ஒரு கணத்து முன்பின் நிலத்தின் அளவையே மாற்றிவிடுகின்றது. இத்தகைய கணக்குகளைப் படிப்படியாகப் போட்டுக் காட்டும் நூலே நல்ல நூல். பூனம் பிரதான் சக்சேனாவின் குடும்பச் சட்ட விரிவுரைகளை நாம் மாணவர்க்கு முதலாவதாகச் சொல்வோம். பராஸ் திவானின் நூல் அதற்கு அடுத்தது.

உடல் கிடைக்காதவர் பற்றியும் ஒரு சொல். ஏழாண்டு செய்தியற்றவரை இறந்தவராகக் கொள்ளும் விதி பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 111-ஆம் பிரிவு. பழைய எண்ணை மட்டும் அச்சிட்ட நூலில் வேறெவை விடுபட்டனவோ என்று ஐயுறுவது நியாயமே.

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் வேண்டும். உயில் எழுதும் முறைக்கு அது இந்துக்களுக்கும் தேவை. தீவில் நம் அண்டை வீட்டாரான நிகோபாரிகள் பழங்குடியினர் ஆதலின், மத்திய அரசு அறிவிக்கை செய்தாலன்றி இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களைச் சாராது.

1878-இல் முதற்பதிப்பு கண்ட மேய்ன், 1912-இல் வந்த முல்லா ஆகிய பேரேடுகளை வாங்கிப் பணத்தைச் செலவிட வேண்டாம். கல்லூரி நூலகத்தில் வேண்டிய பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மிஞ்சும் தொகையில் ஒரு பெரிய வரைகோட்டு நோட்டு வாங்கி, குடும்பத்து வமிச வரிசையைப் பிறந்த தேதி, இறந்த தேதியோடு எழுதி, ஒவ்வொருவர் பங்கையும் அந்தந்த நாளின் சட்டப்படி கணக்கிடச் சொல்லியிருக்கின்றோம்.